ஆறுக்கு ஐந்து

என் வயதுக்காரர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் ஏறுகிறவர்கள், தமிழில் கேட்டதற்குப் பிள்ளைகள் டெனிஷில் சொல்லும் பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர்கள், தாய் தகப்பனின் வீட்டுச் சாமான்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் நிற்கிறவர்கள். இளையவர்களுக்கு இது வேண்டாம். ஒரு விளையாட்டு எப்படி முடிந்தது என்று அறிய அவர்கள் ஃபோனைத் தட்டினால் போதும். எனக்கு ஒரு விளையாட்டு எப்படி முடிந்தது என்று விளங்க என் அரை ஆயுள் போய்விட்டது.

நாங்கள் ஒடென்சேயில் ஒரு தொடர்மாடியில், மூன்றாம் தட்டில் இருந்தோம். அப்பா நகரத்துக்கு வெளியே பூச்செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடங்களில் வேலை செய்தார். பின்னேரம் வீட்டுக்குள் வந்தால் ஈரமண்ணும் உரமும் மணக்கும். குளிர்காலத்தில்கூட அவருடைய நகத்தடியில் மண் இருக்கும். அம்மா ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. எனக்குப் பன்னிரண்டு வயது, அண்ணாவுக்குப் பதினேழு. ஊர்ச் சண்டைக்குத் தப்பி இங்கே வந்தபோது அண்ணாவுக்குப் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் வயது. நான் கைக்குழந்தை. ஊர் என்பது எனக்கு மற்றவர்கள் கதைத்துக் கேட்டதுதான்.

அந்த வசந்தத்தில் அண்ணா அமெரிக்கன் ஃபுட்போலில் சேர்ந்தான். எங்கள் ஆட்களின் பையன்கள் எல்லோரும் உதைபந்தாட்டத்துக்குப் போனார்கள். அண்ணாவும் அதற்குத்தான் போய்க்கொண்டிருந்தான். அவனுடைய வகுப்பு நண்பன் ஒருவன், பந்தைத் தூரத்துக்கு உதைக்கும் கால் ஒன்று தங்கள் அணிக்கு வேண்டும் என்று அவனை இழுத்துக்கொண்டு போனான். பயிற்றுநர் ஒரு தபால்காரர். காலையில் மஞ்சள் சைக்கிளில் தபால் போடுவார், பின்னேரம் மைதானத்தில் நின்று கத்துவார். முட்டை வடிவப் பந்தை அண்ணா முதல்முறை உதைத்ததைப் பார்த்துவிட்டு அவர் தொப்பியைக் கழற்றினாராம். அண்ணா அதைப் பல தடவை சொன்னான்.

அந்த விளையாட்டுக்குப் போடுகிற சாமான் உங்களுக்குத் தெரியும்தானே. தோளுக்கு ஆமை ஓடு மாதிரி ஒரு கவசம், முகத்துக்குக் கம்பி போட்ட தலைக்கவசம். ஒரு பயிற்சி முடிந்ததும் அந்தத் தோள்கவசம் எழுப்பும் நாற்றம் இருக்கிறதே, அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. ஈரச் சப்பாத்து, வியர்வை, பூஞ்சணம், அதற்கு மேலே அவன் அடித்த மலிவு வாசனைத் தெளிப்பு. முதல் நாள் அவன் அதைக் குளியலறையில் தொங்கவிட்டான். அப்பா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இது இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்றார். அன்றிலிருந்து அந்தச் சாமான்களுக்கு நிலவறைதான் இடம்.

எங்கள் மாடிக்குக் கீழே ஒவ்வொரு குடும்பத்துக்கும் மரச்சட்டம் அடித்த சிறு அறை உண்டு. எங்களுடையதில் உருளைக்கிழங்குச் சாக்கும் நத்தார் மரத்து அலங்காரப் பெட்டியும் உடைந்த சைக்கிளும் கிடந்தன. அண்ணா கவசத்தைச் சைக்கிளின் கைப்பிடியில் தொங்கவிடுவான். நான் சாக்கின் மேல் உட்காருவேன். நிலவறை விளக்கு தானாக அணைந்துவிடும். யாராவது ஓடிப்போய் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த ஓட்டம் எப்போதும் என்னுடையதுதான். அங்கேதான் அவன் சுண்ணக்கட்டியால் சுவரில் எழுதி எனக்கு எண்கணக்குச் சொன்னான்.

பந்தைக் கொண்டுபோய் எதிராளியின் கடைசிப் பகுதியில் சேர்த்தால் ஆறு. அதற்குப் பிறகு பந்தைக் கம்பங்களுக்கு நடுவால் உதைத்தால் இன்னும் ஒன்று. உதைக்காமல் திரும்பவும் கொண்டுபோய்ச் சேர்த்தால் இரண்டு. கொண்டுபோக முடியாமல் தூரத்திலிருந்தே கம்பங்களுக்குள் உதைத்தால் மூன்று.

"இன்னுமொண்டு இருக்கு," என்றான் அண்ணா. "பந்து உன்ர கையில இருக்கேக்க, உன்ர பக்கத்துக் கடைசிக் கோட்டுக்குப் பின்னால உன்னை விழுத்தினா, மற்ற ஆக்களுக்கு ரெண்டு. அதுக்குப் பேர் சேஃப்டி."

"விழுந்தது நான். அவைக்கேன் ரெண்டு?"

"அதுதான் வெக்கக்கேடு. உன்ர இடத்திலயே உன்னை விழுத்திப்போட்டாங்கள் எண்டதுக்கு."

இந்த நாலைந்து எண்களை வைத்துக்கொண்டு அவன் ஒரு பைத்தியமே வளர்த்தான். ஏழும் பத்தும் பதினாலும் இருபதும் தெருவில் தினமும் காணும் முகங்கள். ஐந்தையோ எட்டையோ பதினொன்றையோ கண்டால் நின்று விசாரிப்பான். "பதினொண்டு எப்பிடி வரும், சொல்லு." ஆறும் மூன்றும் இரண்டும் என்பேன். "வேற?" மூன்று தடவை மூன்று, ஒரு இரண்டு. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் அணி ஆட்டத்தை முடிப்பது நடக்காத காரியம். நான்கு வேண்டுமானால் எதிராளி இரண்டு தடவை தன் இடத்திலேயே விழ வேண்டும். ஐந்துக்கு ஒரே வழிதான் உண்டு, மூன்றும் இரண்டும். "ஒரு மட்ச் முடிஞ்சு அஞ்சு எண்டு கண்டியெண்டா, ஆரோ ஒருத்தன் தன்ர இடத்திலயே தோத்திருக்கிறான் எண்டு விளங்கு" என்று சொல்லிச் சுவரில் ஐந்தைச் சுற்றி வட்டம் போட்டான். எழுபது எண்பது வருடமாக ஆடியும் இன்னும் வராத முடிவுகள் இருக்கின்றன என்பான். இப்போது அப்படி வராத முடிவுகளைத் தேடிக்கொண்டு உலகம் முழுக்க ஆட்கள் இருக்கிறார்களாம். என் மகன் சொல்லித்தான் தெரியும். அண்ணா அதை நிலவறையில், உருளைக்கிழங்கு மணத்துக்குள் செய்தவன்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் எங்களை ஒருநாளும் அடித்ததில்லை. ஆனால் அண்ணா கணக்கில் குறைந்த மதிப்பெண்ணோடு வந்தால், அல்லது நான் ஒரு கோப்பையைப் போட்டு உடைத்தால், பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு நெஞ்சுக்கு முன்னால் மெதுவாகக் கை தட்டுவார். "நல்லாயிருக்கு. நல்லாயிருக்கு." அவ்வளவுதான். அந்தக் கைதட்டலைவிட நாலு அடி வாங்கியிருக்கலாம் என்று எங்களுக்கு இருக்கும்.

பாராட்டுவது அவருக்கு வராது. வராது என்பதைவிட, கூடாது என்று நினைத்தார். பிள்ளையை முகத்துக்கு நேரே புகழ்ந்தால் நாவூறு பட்டுவிடும் என்பது அவர் தாயிடமிருந்து எடுத்துவந்த பயம். தேவாலயத்தில் ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிற மனிதர், ஆனாலும் இந்தப் பயத்தை அவர் விடவில்லை. உங்கள் வீடுகளிலும் இது இருந்திருக்கும். நல்லது செய்தால் மௌனம், பிழை செய்தால் சத்தம். இதைப் பாசம் என்று அடையாளம் கண்டுகொள்ளும் பொறுப்பைப் பிள்ளைகளின் தலையில் போட்டுவிட்டார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

கோடைவிடுமுறை முடிந்து ஒரு நாள் அண்ணா தோளில் நீலக்கறையோடு வந்தான். அப்பா சட்டையை விலக்கிப் பார்த்தார். "ஆக்களை ஆக்கள் இடிச்சு விழுத்துறதைப் பாக்கவோ நான் உங்களைக் கொண்டுவந்தனான்? அங்க பாத்தது காணாதோ?" என்றார். விடு என்றார். அண்ணா இரண்டு மூன்று நாள் யோசித்துக்கொண்டு திரிந்தான். பிறகு ஒரு இரவுச் சாப்பாட்டில், இடியப்பத்தைப் பிசைந்துகொண்டே தலை நிமிராமல் சொன்னான்.

"அப்பா, ஒருக்கா வந்து பாருங்கோ. பாத்திட்டு வேண்டாமெண்டா நான் விடுறன். பிறகு அதைப்பற்றிக் கதைக்கமாட்டன்."

அப்பா சாப்பிட்டு முடித்தார். கையைக் கழுவினார். துவாயில் துடைத்துக்கொண்டே, "வாறன்" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். அண்ணாவின் காது சிவந்து போயிருந்தது. அவன் கேட்டு அப்பா வந்த இடம் அதுவரைக்கும் ஒன்றுகூட இல்லை.

பருவத்தின் கடைசி ஆட்டம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வைலேயிலிருந்து வந்த ஓர் அணியோடு. அம்மாவுக்கு அன்று வேலை. அப்பா பூசைக்குப் போட்ட கோட்டையே போட்டுக்கொண்டு, கறுப்புக் குடையோடு வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கும்போது தூறத் தொடங்கியது. மற்றத் தகப்பன்மார் மழைச்சட்டையும் ரப்பர் பூட்சும் போட்டு, தேர்மாஸில் கோப்பி கொண்டுவந்து, மடக்குக் கதிரைகளில் சாய்ந்திருந்தார்கள். நாங்கள் ஈரப்பலகை வாங்கில் உட்கார்ந்தோம். சிவப்புச் சொசேஜ் கொதிக்கிற மணம் வந்தது. அப்பா எனக்கு ஒன்று வாங்கித் தந்தார். தனக்கு வாங்கவில்லை.

மழையில் பந்து சோப்புக் கட்டி மாதிரி வழுக்கியது. வைலேக்காரர் தூரத்திலிருந்து ஓர் உதை உதைத்து மூன்று எடுத்தார்கள். வெகுநேரம் அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எங்கள் பக்கத்துப் பெரிய பையன் ஒருவன் சேற்றுக்குள்ளால் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தான். ஆறு. அந்த மேலதிக ஒன்றுக்காக அண்ணா வந்தான். ஓடிவந்து உதைத்தான், நின்ற கால் சறுக்கியது, பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது.

"விட்டிட்டானோ?" என்றார் அப்பா.

"ஓம் அப்பா."

அவர் குடைக்காம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தார். ஆறுக்கு மூன்று என்று பலகையில் தொங்கியது. அண்ணா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

ஆட்டம் முடியும் தறுவாயில் பந்து எங்கள் பையன்களிடம்தான் இருந்தது, ஆனால் கூடாத இடத்தில். எங்கள் பக்கத்துக் கடைசிக் கோட்டுக்கு ஒரு பாய் விரிக்கிற தூரம்தான். அங்கிருந்து உதைத்துத் தள்ள வேண்டும். அந்த ஈரத்தில் உதையை யாராவது மறித்துப் பந்தைப் பிடித்தால் அவர்களுக்கு ஆறு, எங்களுக்குத் தோல்வி. தபால்காரர் அண்ணாவின் தலைக்கவசக் கம்பியைப் பிடித்து இழுத்துக் காதுக்குள் ஏதோ சொன்னார். அண்ணா போய்க் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் நின்றான்.

பந்து அவன் கைக்கு வந்தது. உதைக்கப் போகிறான் என்று எல்லோரும் பார்த்தோம். அவன் உதைக்கவில்லை. ஓடினான். முன்னால் அல்ல, பக்கவாட்டில். ஒருவன் பாய்ந்தான், அண்ணா குனிந்து தப்பினான். இன்னொருவன் சட்டையைப் பிடித்தான், சுழன்று கழன்றான். திரும்பி மற்றப் பக்கம் ஓடினான். நேரம் கரைந்துகொண்டிருந்தது. மூன்று பேர் சேர்ந்து வந்ததும், பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் இருந்த எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே கால் வைத்தான். அப்படி வெளியேறினாலும் அது சேஃப்டிதான். இரண்டைத் தெரிந்தே கொடுத்துவிட்டான். கொடுத்தால்தான் பிறகு மறிக்க ஆளில்லாமல் பந்தை நல்ல இடத்திலிருந்து தூரத்துக்கு உதைக்கலாம், மிச்சமுள்ள ஒன்றை வைத்து வெல்லலாம். இது பயிற்றுநரின் யோசனை. எனக்கு அப்போதே பாதி விளங்கியது.

நடுவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்தி உள்ளங்கைகளைச் சேர்த்தார். சேஃப்டிக்கு அதுதான் சைகை.

எங்கள் பக்கத்தில் ஒருவரும் கை தட்டவில்லை. வைலேப் பெற்றோர்தான் கத்தினார்கள். அந்த நேரத்தில் என் பக்கத்தில் குடை விழுகிற சத்தம் கேட்டது. அப்பா எழுந்து வாங்கின்மேல் ஏறி நின்றார். மழை முகத்தில் வழிய வழிய, கையை உயர்த்தித் தலைக்கு மேலே தட்டினார். "வந்திட்டான்! என்ர பிள்ளை வந்து சேந்திட்டான்!" என்று கத்தினார். அந்த மனிதர் அப்படிக் கத்தி அதற்கு முன்னும் நான் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மடக்குக் கதிரைகள் எல்லாம் திரும்பின. ஒரு தாய் எங்களைப் பார்த்து மரியாதைக்குச் சிரித்தாள். ஒரு தகப்பன் தன் பக்கத்து ஆளிடம் ஏதோ சொன்னார். தூரத்தில் அண்ணாவும் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். கம்பிக்குப் பின்னால் அவன் முகம் தெரியவில்லை. நான் கை காட்டினேன். அவன் காட்டவில்லை.

அதன்பிறகு அவன் பந்தை நீளத்துக்கு உதைத்தான். வைலேக்காரருக்கு நேரம் போதவில்லை. ஊதல் ஊதியது. ஆறுக்கு ஐந்து. எல்லோரும் சேற்றுக்குள் இறங்கி ஓடினார்கள். நானும் எழுந்தேன்.

"போவம் பிள்ளை, பஸ் போயிடும்," என்றார் அப்பா. "அவன் பெடியங்களோட வரட்டும்."

அவர் அன்று அந்தச் சேற்றில் இறங்கி, மகனின் தோளில் ஒரு கை வைத்திருந்தால் போதும். வைக்கவில்லை. முகத்துக்கு நேரே வைத்தால் நாவூறு.

பஸ்ஸில் அவர் கதைத்தது மாதிரி என்றும் கதைத்ததில்லை. ஊரில் அவர் கிளித்தட்டு ஆடியவராம். நிலத்தில் கீறிய பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தாண்ட வேண்டும். ஒவ்வொரு கோட்டிலும் மறிக்க ஆள் நிற்கும். மறுகரைக்குப் போவது பெரிய காரியமில்லை, அத்தனை பேரையும் ஏய்த்துப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வருகிறவன்தான் கெட்டிக்காரன். "இது எங்கட கிளித்தட்டுத்தான், பேர்தான் வேற" என்றார். "எத்தினை பேருக்குள்ளால சுழண்டு வந்தவன், பாத்தனியே? அந்த நடுவர் மனுசன் தலைக்கு மேல கையெடுத்து அவனைக் கும்பிட்டது, பாத்தனியே?"

வெள்ளைக்காரன் ஒருவன், அதுவும் நடுவர், தன் மகனைக் கையெடுத்துக் கும்பிட்டான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. கண் கலங்கியிருந்தது. எனக்கு உண்மை சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

"அப்பா, அது கும்பிட்டது இல்லை. அவைக்கு ரெண்டு குடுத்தது. அண்ணா ரெண்டைக் குடுத்திட்டான்."

அவர் பஸ் கண்ணாடியில் படிந்த ஈரத்தைக் கையால் துடைத்தார். "குடுத்தாப்போல? தோத்தவங்களோ?"

"இல்லை. வெண்டவை."

"பிறகென்ன. நானும்தான் வீட்டையும் வளவையும் குடுத்திட்டு உங்கள் மூண்டு பேரையும் கொண்டு வந்தனான். நான் தோத்தனானோ?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் எதிர்க்கதவு ஆளிடம் போய்ச் சுவர் துளைக்கிற இயந்திரத்தை வாங்கிவந்தார். ஞாயிற்றுக்கிழமை அதைப் பாவிக்கக் கூடாது என்று சொல்லித்தான் அவர் கொடுத்தார். உங்களுக்குத் தெரியும், மாடிவீட்டில் ஞாயிறு துளைப்பது எவ்வளவு பெரிய குற்றம் என்று. வெறும் தெருவில்கூடச் சிவப்பு விளக்குக்கு நிற்கிற மனிதர் என் அப்பா. அன்று வாசலிலிருந்து அறைகளுக்குப் போகிற ஓடையில் கொங்கிரீட் சுவரைத் துளைத்தார். கீழ்வீட்டுக்காரி தும்புத்தடியால் தன் வீட்டு முகட்டில் இடித்தாள். அப்பா நிறுத்தவில்லை. நான் ஒரு கடித உறையை விரித்து விழுகிற தூளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

துளையில் அவர் மாட்டியது வேலைத்தலத்தில் பெரிய பூத்தொட்டிகளைத் தொங்கவிடும் இரும்புக் கொளுக்கி. "அண்ணான்ர சாமான் கீழ கிடந்து பூஞ்சணம் பிடிக்குது. இனி இதில தூங்கட்டும்."

"நாறுமெண்டு அம்மா பேசுவா."

"பேசட்டும். நீ அவனுக்குச் சொல்லாதை. வந்து தானாக் காணட்டும்."

பிறகு ஓடை தெரிகிற மாதிரிக் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பத்திரிகையோடு உட்கார்ந்தார். அம்மா வந்தாள், சமைத்தாள். அண்ணா இருட்டுகிற நேரம் வந்தான். தலை ஈரம். தோளில் பை இல்லை.

"பையெங்கை?" என்றாள் அம்மா.

"குடுத்திட்டன். விட்டாச்சு."

பத்திரிகை அசையவில்லை. பிறகு அதற்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "ஏன்?"

"நீங்கள்தான் வந்து பாத்திட்டியளே."

எனக்கு அன்று ஒன்றும் விளங்கவில்லை. அப்பா பத்திரிகையின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "உன்ர விருப்பம்" என்று மட்டும் சொன்னார். அண்ணா ஈரச் சட்டையைக் கழற்றி, கையில் பட்ட முதல் கொளுக்கியில், அந்தப் புதிய கொளுக்கியில், பார்க்காமலே கொளுவிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான்.

அடுத்த கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு மாமா அப்பாவைப் பிடித்து, பேப்பரில் பார்த்தேன், ஆறுக்கு ஐந்து, உதைபந்தாட்டத்தில் அது பெரிய போட்டி என்று கைகொடுத்தார். அப்பா அதைத் திருத்தவில்லை.

ஓர் உதை தவறியதற்காக அவன் ரோசத்தில் விட்டுவிட்டான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அப்பா அதற்கு மேலும் போனார். "கேட்டுப் பெற்றதைக் கையில வச்சிருக்கத் தெரியாதவன்" என்று அம்மாவிடம் சொன்னார். அந்தச் சொல் அவருக்குள் காய்ந்து இறுகிவிட்டது. அண்ணா பொறியியல் படிப்பை இடையில் மாற்றியபோது அதைத்தான் சொன்னார். அவன் கொப்பன்ஹேகன் பக்கம், புரொண்பிக்கு, குடிபோனபோதும் அதைத்தான் சொன்னார். சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் சமாதானமும் ஆகியிருக்கலாம். நத்தாருக்கு வருவான், கதவுக்குக் கிட்ட இருப்பான், ரயில் பிந்தியதைப் பற்றிக் கதைப்பார்கள். கொளுக்கியில் அம்மா குடையைத் தொங்கவிட்டாள். இப்போது அந்த மைதானத்துப் பக்கத்தால் டிராம் ஓடுகிறது. நிலவறைச் சுவருக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள். தலைக்கவசம் யாருடைய தலையில் தேய்ந்ததோ தெரியாது.

அப்பா இந்தக் குளிர்காலத்தில் போய்விட்டார். கடைசிக் கிழமையில் அண்ணா வந்து கட்டிலடியில் இருந்தான். இரண்டு பேரும் அப்போதும் மழையைப் பற்றித்தான் கதைத்தார்கள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து எல்லோரும் அந்த வீட்டுக்குத்தான் சாப்பிட வந்தோம். அம்மா என்னோடு வந்துவிடப் போகிறாள், வீட்டை விடப் போகிறோம். அறை முழுக்க ஆட்கள், ஓடை முழுக்கக் கோட்டுகள். எல்லாக் கொளுக்கியும் நிரம்பி, அந்தப் பெரியதில் மட்டும் பத்துக் கோட்டு மேலே மேலே கிடந்தன. அண்ணா தன்னுடையதையும் போட்டுவிட்டு அதை ஆட்டிப் பார்த்தான்.

"இதை ஆர் அடிச்சது? ஆனையையும் கட்டலாம்."

"அப்பா," என்றேன். "உனக்குத்தான். உன்ர தோள்கவசத்துக்கு."

அவன் சிரிக்கப் போனான். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "எப்ப?"

"நீ விட்ட அண்டைக்கு. மட்ச் பாத்திட்டு வந்து நேர இதைத்தான் அடிச்சவர். நீ வந்து காணட்டுமெண்டு இருந்தவர்."

அவன் சுவரில் சாய்ந்தான். அறைக்குள் யாரோ கோப்பி கேட்டார்கள். அண்ணா மிக மெதுவாகச் சொன்னான்.

"அவர் என்னைப் பாத்துக் கை தட்டினவர். உதையை விட்டாப்போல பேசாம இருந்தவர். ரெண்டைக் குடுத்தவுடன எழும்பி நிண்டு தட்டினவர். வீட்டில தட்டுவாரே, அந்த மாதிரி. எல்லாருக்கும் முன்னால. உடுப்பு மாத்திற இடத்தில பெடியள் கேட்டவங்கள், உன்ர அப்பா வைலேக்காரரோ எண்டு. அதுதான் அவற்ற பதில் எண்டு நினைச்சன். சாமானைக் குடுத்திட்டு வந்திட்டன்."

என் வயதுக்காரர்களே, இத்தனை வருடமும் இரண்டு பேரும் ஒரே கைதட்டலைத்தான் வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

"அண்ணா, அது அந்தத் தட்டு இல்லை."

"சும்மா சொல்லாதை."

"நான் பக்கத்தில நிண்டனான். குடையைப் போட்டிட்டு வாங்கில ஏறி நிண்டு தட்டினவர். நீ அத்தினை பேருக்குள்ளால தப்பி வந்திட்டாய் எண்டு. கிளித்தட்டு மாதிரியாம். நடுவர் உன்னைக் கும்பிட்டவனாம். பஸ்ஸில முழுக்க அதுதான் கதை."

"கும்பிட்டவனோ?" அவன் தன் இரண்டு கையையும் தலைக்கு மேலே சேர்த்துப் பார்த்தான். "இதையோ?" தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"ரெண்டு போனது அவருக்குத் தெரியாதோ?"

"நான் சொன்னனான். பிறகென்ன, வெண்டவன்தானே எண்டார்."

அவன் முகத்தைக் கோட்டுகளுக்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பிறகு திரும்பாமலே கேட்டான். "கத்தினவர். தூரத்தில எனக்குக் கேக்கேல்ல. என்ன சொன்னவர்?"

"வந்திட்டான் எண்டு."

"அப்பிடியில்லை. அவர் செய்த மாதிரிச் செய்து காட்டு."

துக்க வீடு. அறைக்குள் பூசை வைத்த சுவாமியார் இருந்தார், மாமாமார் இருந்தார்கள். நான் கையை உயர்த்தித் தலைக்கு மேலே பலமாகத் தட்டினேன். அப்பாவின் குரல் எனக்குள் எங்கே இருந்ததோ, அது வந்தது. "வந்திட்டான்! என்ர பிள்ளை வந்து சேந்திட்டான்!"

கதை எல்லாம் நின்றது. அன்று மாதிரியே எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. குசினிக்குள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. தண்ணீரை நிறுத்திவிட்டு அங்கிருந்தே சத்தம் போட்டுக் கேட்டாள்.

"ஆர் பிள்ளை வந்தது?"

அண்ணா கொளுக்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நான்தானம்மா," என்றான்.